பீலி கலங்கிய நாள்

என் குறிப்புப் புத்தகங்களில், பொய்யென்று தெரிந்தே நான் எழுதிய வரி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. கந்தோரில் எழுதுவினைஞனாகச் சேர்ந்த வாரத்திலிருந்து இன்றுவரை ஒவ்வொரு நாளுக்கும் அரைப் பக்கமாவது எழுதி வருகிறேன். மழை, வயல், மையித்து அடக்கம், கலியாணம், வாசித்த புத்தகம், வீட்டுக்கு வந்துபோனவர்கள். நேரம் நிச்சயமில்லை என்றால் ‘ஏறத்தாழ’ என்று போட்டுக்கொள்வேன். அப்படி எழுதியவன் ஒரு நாள் உம்மாவின் கண்முன்னே ஒரு பொய்யை எழுதினேன். உம்மா மௌத்தாகி நாற்பதாம் நாள் கத்தமும் முடிந்துவிட்டது. இனி அதைத் திருத்தலாம்.

என் தங்கை மலையில் மண்சரிவில் இறந்தாள். முதல் நாள் பின்னேரம், வீட்டைவிட்டு இறங்கிவிடுவோமா என்று அவளுக்கு யோசனை இருந்தது. என்னிடம் கேட்டாள். தேவையில்லை என்று சொன்னேன். திருத்த வேண்டிய வரி இதுவல்ல. இது உண்மை.

எங்கள் பக்கத்தில் பெண் கலியாணம் முடித்து வீட்டைவிட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். நானும் அப்படி மனைவியின் வீட்டுக்குப் போனவன்தான், உம்மாவின் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. வாப்பா உயிரோடு இருந்தபோதே கல்முனையில் எங்கள் வளவைப் பிரித்து, கிணற்றுக்கு அந்தப் பக்கம் தங்கைக்கென்று மூன்று அறை வீடொன்று கட்டி வைத்துவிட்டார். கதவுகளுக்கு அவள் விரும்பிய பச்சை நிறம் அடித்தார்.

அவளுக்கு ஆசிரியர் நியமனம் பதுளைப் பக்கத்து மலைக்கு வந்தது. எங்கள் ஊர்களிலிருந்து அப்படிப் போகிறவர்கள் நிறையப் பேர். கட்டாயத்துக்குச் சில வருடம் இருந்துவிட்டு மாற்றம் எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு இறங்கிவிடுவார்கள். இவள் இறங்கவில்லை. மலையடிவாரக் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒருவரைக் கலியாணம் முடித்து, மேலே தான் படிப்பித்த ஊரிலேயே இருந்துவிட்டாள். பிள்ளைகள் இல்லை. பச்சைக் கதவு வீடு பூட்டியே கிடந்தது. உம்மா வெள்ளிக்கிழமைகளில் திறந்து கூட்டிவிட்டுப் பூட்டுவார்.

கலியாணத்துக்குப் பின் அவள் முதன்முறை ஊருக்கு வந்தபோது எங்கள் சாச்சி, உம்மாவின் தங்கை, கேட்டது புத்தகத்தில் அப்படியே இருக்கிறது.

“மாப்பிள பொஞ்சாதி வீட்ட வாறதத்தான் நாங்க கண்டிரிக்கம். இவ என்னடா எண்டா வீட்டையும் பூட்டிப்போட்டு, கடலையும் உட்டுப்போட்டு, மலையில போய்க் குந்தியிரிக்கா.”

“அங்க நுளம்புக் கடி இல்ல சாச்சி. நீங்களும் வாங்களன்.”

“வந்தா ஆரு என்னத் திரும்ப இறக்குற? நீ தூக்குவியா?”

அவள் இறக்கும் முன் நான் அங்கே போனது ஒரே ஒரு முறை. அம்பாறை, சியம்பலாண்டுவ, மொனராகலை, பசறை என்று பஸ் மாறி மாறிப் போய், கடைசிப் பஸ் திரும்புகிற கடைவீதியில் இறங்கி, தேயிலைக்குள்ளால் ஒரு மணித்தியாலம் ஏறவேண்டும். ஏறத்தாழ இருபது வீடுகள், ஒரு சிறு பள்ளிக்கூடம், ஒரு கோயில். தங்கையின் வீடு கடைசி வீடு. அதற்குப் பின்னால் நேரே சரிவுதான், நிமிர்ந்து பார்த்தால் பிடரி வலிக்கும். சரிவின் அடியில் பாறையிடுக்கிலிருந்து தண்ணீர் வரும். அதற்கு ஒரு தகரக் குழாயைச் செருகியிருந்தார்கள். அதைத்தான் பீலி என்றார்கள். ஊர் முழுவதும் அதில்தான் குடித்தது, குளித்தது. நான் வாய் வைத்துக் குடித்தேன், பல் கூசியது.

எங்கள் வயல்களுக்கு வருகிற தண்ணீரின் பிறப்பிடம் அந்தப் பக்கத்து மலைகள்தான். அங்கே பெய்வது கல்லோயாவில் இறங்கி, இங்கினியாகலைக் குளத்தில் தேங்கி, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து எங்கள் வட்டைக்கு, இந்த வயல்வெளிக்கு, வருகிறது. நான் புத்தகத்தில் ‘கரை’ என்று ஒரு நிரல் வைத்து எங்கள் முற்றத்து மழையை எழுதிவந்தவன். அந்தப் பயணத்தோடு பக்கத்தில் ‘மலை’ என்று இன்னொரு நிரல் கீறினேன். தங்கையிடம் ஒரு பால்மாத் தகரத்தையும் அடிமட்டத்தையும் கொடுத்து, எப்படி அளப்பது என்று காட்டினேன். ஒவ்வொரு நாளும் போன் எடுத்துச் சொல்லுவாள். சில நாள் அதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். சில நாள் ஒரு மணித்தியாலம் கதைப்பாள், கடைசியில் தகரத்தை மறந்துபோய்த் திரும்ப எடுப்பாள்.

பெரிய மழைக்கு அவளுக்குப் பயம். அதற்கு முந்திய இரண்டு மாரிக்கும் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு இறங்கிவிட்டாள். இரண்டு முறையும் மலையில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் முறை, பச்சைக் கதவு வீட்டின் படியில் அவள் பையோடு நின்றபோது நான் கேட்டேன்:

“மழைக்கெல்லாம் இறங்கி ஓடியாறதெண்டா, நீ என்னத்துக்கு மலைக்குப் போன?”

சிரித்தாள். ஆனால் அடுத்த மாரியில் அவள் நேரே வந்து நிற்காமல் முதலில் போன் எடுத்துக் கேட்டதற்கு அந்தப் பகிடிதான் காரணமென்று நான் நம்புகிறேன்.

அந்த மாரி பிந்தியே தொடங்கியது. முந்திய சிறுபோகத்துக்குத் தண்ணீர் போதாமல் எங்கள் வட்டையில் பாதி வயல் தரிசாகக் கிடந்தது. எல்லோருடைய வாயிலும் குளத்துக் கதைதான். பிறகு ஒரு புதன்கிழமை தொடங்கிய மழை விடவில்லை. மறுநாள் வியாழக்கிழமை, அசருத் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்ததும் போன் அடித்தது. தங்கை.

“காக்கா, தகரம் வழியுது. எழுத ஏலாது.”

“வழியிறத்துக்கு முந்தி எத்தின விசை ஊத்தின?”

“விடியச் சாமம் போல ஒருக்கா, பகல் ஒருக்கா. இப்பயும் வழியுது.”

“அல்ஹம்துலில்லாஹ். இந்த முற குளம் நிரம்பி வான் பாயும் புள்ள.”

“உங்களுக்குக் குளந்தான். இஞ்ச பீலி கலங்கிப் போச்சி காக்கா. செவப்பா வருது, தேத்தண்ணி மாதிரி. பக்கத்து வீட்டக்கா சாமானெல்லாம் கட்டிப்போட்டா. எல்லாரும் கீழ பள்ளிக்கூடத்துக்குப் போறாங்க. நானும் போகவா?”

“மச்சான் எங்க?”

“கடையில. மரம் உழுந்து பாத மூடிக் கிடக்கு. வர ஏலாதாம்.”

“கலங்கின எண்டாப் புதுத்தண்ணி வந்திரிக்கி. ஊத்துத் திறந்திரிக்கி, அவ்வளவுதான். வாய்க்கால்ல முதத் தண்ணி எப்பிடி வாற? கலங்கித்தானே. ரெண்டு நாள்ல தெளியும்.”

“அப்பிடியா?”

“பின்ன. ரெண்டு விசை பேக்கத் தூக்கிக்கிட்டு ஓடிவந்த, என்ன நடந்த? பள்ளிக்கூடத்து ஈரச் சீமெந்தில படுத்தா ஒனக்கு முட்டுத்தான் இழுக்கும்.”



“சரி. எழுதிவைங்க, தங்கச்சி பயந்தாங்கொள்ளி எண்டு.”

“அது முதப் பக்கத்திலயே இரிக்கி.”

அன்றைய பக்கத்தில் இப்படி இருக்கிறது: ‘பி.ப. 4.15. மலையில் நல்ல மழை. தகரம் வழிந்தது. பீலியில் புதுத்தண்ணி. அல்ஹம்துலில்லாஹ்.’

எங்கள் கரையில் பிறந்த எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். வாய்க்காலில் கலங்கிய தண்ணீர் வந்தால் மலையில் மழை பெய்து குளம் நிறைகிறது என்று அர்த்தம். மாரிக்குக் கிணறு கலங்கினால் ஊற்றுத் திறந்துவிட்டது, இனி வற்றாது என்று அர்த்தம். புதுத்தண்ணி என்ற சொல்லை நாங்கள் சந்தோசமில்லாமல் சொல்வதேயில்லை. நான் அவளுக்குப் பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன். அது தட்டையான நிலத்தின் அறிவு.

பிறகொரு நாள், முதல் பயணத்தின் பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன். பீலியைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். நடுவில் ஒரு வரி: ‘இந்தப் பீலி எந்த மழைக்கும் கலங்காது என்கிறாள் பக்கத்து வீட்டுப் பெண்.’ என் கையெழுத்துத்தான். எழுதியவன் அதை வாசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பிறகு மச்சானிடமிருந்து போன் வந்தது. விடியற்காலை சுபஹு நேரத்தில் சரிவு இறங்கியிருக்கிறது. ஒரு வீடுதான். கடைசி வீடு.

பாதைகள் மூடியிருந்ததால் நான் போய்ச் சேர ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. வேன் போகுமட்டும் போய், மீதியை நடந்தேன். அதற்குள் அவளை எடுத்து, கடைவீதிப் பள்ளிவாசல் மையவாடியில் அடக்கியும் விட்டார்கள். ஈரமான கபுறடியில் மச்சான் நின்றார். இருவரும் யாசீன் ஓதினோம். மச்சான் ஒன்றுமே கேட்கவில்லை. பாதை திறந்திருந்தால் மேலே போயிருப்பேன் என்று மட்டும் மூன்று முறை சொன்னார்.

மேலே போய்ப் பார்க்க விடவில்லை. பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களைப் பார்க்கப் போனேன். பக்கத்து வீட்டுப் பெண், தேயிலை கொய்கிறவள், மடியில் ஒரு போர்வையை வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மருதமுனை நெசவுப் போர்வை, உம்மா வாங்கிக் கொடுத்து அனுப்பியது.

“நீங்க டீச்சரோட சொந்தக்காரவங்களா?”

“ஓம்.”

“கூப்பிட்டேங்க. ரெண்டு வாட்டி கூப்பிட்டேன். பீலி கலங்குனா மல அசையுதுன்னு எங்க ஆளுக எல்லாத்துக்கும் தெரியும். டீச்சரும் பைய எடுத்துட்டாங்க. ஊருக்குக் கேட்டுட்டு வந்துடுறேன்னு, கையில பையோடயே நின்னு போன்ல பேசுனாங்க. வச்சாங்க. பையக் கீழ வைக்கல, அப்படியே நின்னாங்க. மறுபடி பேசுனாங்க. அப்புறம் உள்ள போய்ப் பைய வச்சிட்டு இந்தப் போர்வையக் கொண்டாந்து குடுத்தாங்க. ‘புதுத்தண்ணிதானாம்க்கா, பயப்பட ஒண்ணுமில்லையாம். உங்களுக்குத்தான் அங்க குளிரும்’னாங்க.”

இரண்டாவது தரம் புருசனோடு கதைத்திருப்பாள் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

“யாருங்க அப்படிச் சொன்னது?”

“நான்தான்.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசியிருக்கலாம்.

“உங்க ஊர்ல மல இல்லைல்ல,” என்றாள். பிறகு போர்வையை மடித்து என்னிடம் நீட்டினாள். வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

உம்மாவிடம் இதைச் சொல்லாமல் ஊருக்குத் திரும்பினேன். சொல்லலாம் என்று நினைத்துத்தான் வளவுக்குள் நுழைந்தேன். உம்மா கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி கபுறைப் பற்றியல்ல.

“அவ கடைசியா ஒன்னோட எப்ப கதச்ச?”

“வியாழக்கிழம பின்னேரம் உம்மா.”

“பின்னேரம் எத்தின மணிக்கு?”

“அசருக்குப் பிறகு. மழையப் பத்தித்தான் கதச்ச.”

அதற்கு மேல் உம்மாவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த கிழமையும் கேட்டார், அதற்கு அடுத்த கிழமையும் கேட்டார். எப்போதும் நேரத்தைத்தான். மகளின் கடைசிப் பேச்சைப் பிடித்துக்கொண்டு வாழ்கிறார் என்று நினைத்தேன். பச்சைக் கதவு வீட்டை அவர் கூட்டுவதை விட்டுவிட்டார். அவருடைய சிறிய போனும் வேலை செய்யவில்லை. எடுத்தால் மணி அடிக்காது. பழுது என்றார். வேறு வாங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்றார். “எனக்கு இனி ஆரு எடுக்கிற?”

அந்த மாரியில் குளம் வான் பாய்ந்தது. ஊரே சந்தோசப்பட்டது. என் புத்தகத்தில் கரை நிரலில் எழுதினேன். மலை நிரல் அந்த வியாழக்கிழமையோடு நின்றது.

சிறுபோகத்துக்கு வாய்க்கால் திறந்த காலையில் நான் வயலில் நின்றேன். பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்து, நிலம் வெடித்துக் கிடந்தது. வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டை விதானை சைக்கிளை வாய்க்கால் கட்டோரம் சாத்திவிட்டுக் கத்தினார்.

“காக்கா, புதுத்தண்ணி வந்திட்டு. என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? வக்கடையத் திறங்க.”

வக்கடை என்பது வரம்பில் தண்ணீர் நுழைய விடும் வாய். மண்வெட்டியால் இரண்டு கொத்துக் கொத்தினால் திறந்துவிடும். வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. சிவப்பாக, தேத்தண்ணி மாதிரி. அவள் சொன்ன நிறத்தை நான் அன்றுதான் பார்த்தேன்.

“என்ன காக்கா, தண்ணிக்கு வெத்தில வெச்சிக் கூப்பிடவா வேணும்?”

திறந்தேன். திறக்காமல் விட்டு என்ன செய்வது. வெடிப்புகளுக்குள் தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டது. மண்வெட்டியை வரம்பிலேயே போட்டுவிட்டு, காலில் சேற்றோடு பஸ் ஏறி உம்மாவிடம் போனேன்.

குசினியில் மீன் அரிந்துகொண்டிருந்தார். அந்தக் கோலத்தில் என்னைக் கண்டதும் கத்தியை வைத்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தகரம், பீலி, பள்ளிக்கூடம், முட்டு, பயந்தாங்கொள்ளி. நான் சொல்லித்தான் அவள் இறங்கவில்லை என்றேன்.

உம்மா கையைக் கழுவினார். நெடுநேரம் கழுவினார்.

“எனக்கும் போன் எடுத்தவ மகன்.”

எனக்கு விளங்கவில்லை.

“அண்டைக்குப் பின்னேரம். ‘உம்மா, பீலி கலங்கிப் போச்சி, புதுத்தண்ணிதானா’ எண்டு கேட்டா. ஓம் புள்ள, நம்மட கிணறு மாரிக்குக் கலங்கிறல்லியா, நீ சின்னதில அதுல காயிதக் கப்பல் உட்டல்லியா எண்டன். ஊட்டுக்குள்ளயே இரி, நனையாத எண்டன்.”

“உம்மா.”

“நனையாத எண்டு சொன்னன்.”

எழும்பிப்போய் அலுமாரியைத் திறந்து, ஒரு கைலேஞ்சித் துணியில் சுற்றிவைத்த போனைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பழுதாகவில்லை. அந்த வெள்ளிக்கிழமை தானே நிற்பாட்டி வைத்திருக்கிறார்.

“நான் சொல்லி அவ கேட்டாளா, நீ சொல்லி அவ கேட்டாளா எண்டு எனக்குத் தெரியணும். ஆருக்குப் பிந்தி எடுத்த எண்டு இதுல இரிக்கும் எண்டு சொன்னாங்க. எனக்குப் பாக்கத் தெரியா. உன்னட்ட கேக்கவும் பயம்.”

போனை மின்சாரத்தில் போட்டுவிட்டு இருவரும் காத்திருந்தோம். ஏறத்தாழ இருபது நிமிடம். மீனில் ஈ மொய்த்தது, உம்மா விரட்டவில்லை. நான் கால் சேற்றைக் கழுவவில்லை. போன் உயிர்த்ததும் வந்த அழைப்புகளைத் திறந்தேன். மேலே தங்கையின் பெயர் இருந்தது, நான்தான் எழுத்தெழுத்தாகப் பதிந்து கொடுத்த பெயர். அந்த வியாழக்கிழமை. பி.ப. 4.50.

“என்ன போட்டிரிக்கி?”

“நாலு மணி உம்மா.”

“நாலு மணியா?”

“ஓம். எனக்கு நாலே காலுக்கு. உங்களுக்குப் பிறகுதான் எனக்கு எடுத்திரிக்கா.”

உம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அப்ப நான் சொன்னத்துக்குப் பிறகும் அவக்குப் பயம் போகல்ல.”

“போகல்ல.”

“நீ சொல்லித்தான் நிண்ட.”

“ஓம் உம்மா. நான் சொல்லித்தான்.”

“ஒன்ட கொப்பியில அப்பிடி எழுது.”

அடுத்த நாள் அந்த வருடத்துப் புத்தகத்தைக் கொண்டுபோனேன். உம்மாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும். அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வியாழக்கிழமைப் பக்கத்தின் ஓரத்தில் எழுதினேன்: ‘பி.ப. 4.00. தங்கை உம்மாவோடு கதைத்தாள். அதன் பின்னரே என்னோடு.’ உம்மா விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். ‘பின்னரே’ என்ற சொல்லில் விரல் கொஞ்சம் நின்றது.

“நேரத்தில நீ பிழ உட மாட்டாய்,” என்றார்.

அதற்குப் பிறகு உம்மா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் பச்சைக் கதவு வீட்டைத் திறந்து கூட்டத் தொடங்கினார், மௌத்தாகும் வரை. நான் சொன்னதை அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. அவரும் என் முகத்தைப் பார்த்து வளர்த்தவர்தான்.

போன் இப்போது என்னிடம் இருக்கிறது. அந்த ஓர வரியை வெட்டிவிட்டு, கீழே இன்றைய நாளைப் போட்டு, சரியானதை எழுதியிருக்கிறேன். எனக்கு எடுத்தது 4.15. உம்மாவுக்கு எடுத்தது 4.50. நான் பயப்படாதே என்று சொன்ன பிறகும், இன்னொருவர் இறங்கச் சொல்லக்கூடும் என்று, அந்த முப்பத்தைந்து நிமிடமும் அவள் பையைக் கீழே வைக்கவில்லை.